நேத்துலேருந்துதான்

உள்ள வாங்க. செருப்பு வெளியவே கிடக்கட்டும், இங்க யாரும் எடுக்க மாட்டாங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கீழ் வீட்டுச் சீனத்து அம்மா லிஃப்ட்ல சொல்லிட்டாங்க, இந்தியாவுலேருந்து புதுசா ஒரு ஜோடி வந்திருக்கு, அந்தப் பொண்ணு இன்சூரன்ஸ் பத்தி உங்கிட்ட ஏதோ கேக்கணுமாம்னு. வருவீங்கன்னு தெரியும். பினாங்குக்கு வர்ற நம்ம ஆளுங்க வீடு பிடிப்பாங்க, மளிகைக் கடை எங்கன்னு விசாரிப்பாங்க, அதுக்கப்புறம் எங்கிட்டதான் வருவாங்க.

நான் ஏஜென்ட் இல்லங்க. அத முதல்லயே சொல்லிடறேன். ஏஜென்ட் விக்கிறவரு. நான் அந்தப் பக்கம் உக்காந்து படிக்கிறவ. திருச்சில ஒரு கம்பெனி. அமெரிக்காக்காரங்களோட ஆஸ்பத்திரி பில்லெல்லாம் அங்கதான் வந்து இறங்கும். ஒருத்தர் ஆஸ்பத்திரில படுத்து எழுந்து போனதும் டாக்டர் எழுதின குறிப்பு எனக்கு வரும். நான் அத வரி வரியாப் படிக்கணும். கொஞ்ச நாளாவே இருந்ததுன்னு எழுதியிருக்கா, ஏற்கெனவே உண்டுன்னு எழுதியிருக்கா, அப்பாவுக்கும் இருந்ததுன்னு எழுதியிருக்கா, பாக்கணும். இருந்தா மஞ்சள்ல கோடு போடணும். அவ்வளவுதான் என் வேலை. பணம் கிடையாதுன்னு சொல்றது வேற செக்ஷன். நான் இத்தன வருஷத்துல யாருக்கும் எதையும் கிடையாதுன்னு சொன்னதில்ல. கோடு மட்டும்தான் போட்டிருக்கேன்.

இங்க எப்படி வந்து சேந்தோம்னு கேட்டீங்கன்னா, எங்க வீட்டுக்காரருக்குத்தான் முதல்ல இங்க வேலை. பாயான் லெப்பாஸ்ல ஒரு தொழிற்சாலை, மெஷின் வரைபடம் போடுற வேலை. அப்ப எல்லாம் ராஜ வாழ்க்கைங்க. தும்மினா டாக்டர், இருமினா டாக்டர், ஒரு அட்டையக் காட்டினாப் போதும். அப்புறம் கான்ட்ராக்ட் முடிஞ்சுது. வேலை போன அன்னிக்கே அட்டையும் போச்சு. ஊருக்குத் திரும்பலாமான்னு யோசிச்சோம். ஆனா இவருக்கு இந்த ஊர் பிடிச்சுப் போச்சு. ஐரோப்பால ஒரு கம்பெனிக்கு வீட்லேருந்தே வரைஞ்சு குடுக்குற வேலையப் பிடிச்சுட்டாரு. நானும் திருச்சி ஆபீஸ்ல பேசி இங்கேருந்தே பாக்குறேன்னு கேட்டு வாங்கிட்டேன். ஆன்லைன்ல வேலை பாக்குறவங்களுக்குன்னு ஒரு பாஸ் குடுக்கறாங்கல்ல, அத என் பேர்ல எடுத்தோம். இந்த ரூம்லதான் ரெண்டு மேசை. முதுகுக்கு முதுகு. அவர் அந்தச் சுவத்தப் பாத்து, நான் இந்தச் சுவத்தப் பாத்து.

அட்டைதான் இல்ல. அவரோட கம்பெனி, நீ எங்க ஊழியரே இல்ல, வெளியாளுன்னுட்டான். எங்க ஆபீஸ்ல, வெளிநாட்டுல இருந்து வேலை பாக்கறதா இருந்தா கான்ட்ராக்ட்லதான் எடுப்போம், மெடிக்கல் கார்டு கிடையாதுன்னுட்டாங்க. மலேசியா கவர்மென்ட் ஆஸ்பத்திரி அவங்க ஜனங்களுக்கு. நமக்கும் பாப்பாங்க, ஆனா நமக்கு வேற ரேட்டு. உங்களுக்கும் இதே கதைதானே? அதான் வந்திருக்கீங்க.

இந்த ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்குங்க. காய்கறிக் கடையில தமிழ், கோயில்ல தமிழ், பஸ்ல பின் சீட்ல தமிழ்ல மாமியாரத் திட்டிக்கிட்டு வருவாங்க. நாம ஏதோ தஞ்சாவூர் பக்கம் வீடு மாத்தி வந்த மாதிரி இருப்போம். வெளிநாட்டுல இருக்கோம்கிறதே மறந்து போயிடும். ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல போய் நின்னாத்தான் ஞாபகம் வரும். அங்க உக்காந்திருக்கிற பொண்ணும் தமிழ்லதான் கேக்கும், கார்டு இருக்கா அக்கான்னு.

அதனால கொஞ்ச நாள் எல்லாரும் பண்றதத்தான் நாங்களும் பண்ணினோம். ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம். பல்லு வலியா, ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம். கண்ணாடி மாத்தணுமா, ஊருக்குப் போறப்ப. நம்ம ஆளுங்க ஊருக்குப் போறதே பாதி ஆஸ்பத்திரிக்குத்தானே. கல்யாணத்துக்கு வந்தேன்னு சொல்லிட்டு ஸ்கேன் எடுத்துட்டு வருவாங்க.

அப்படி இருக்கறப்பதான் தைப்பூசம் வந்துச்சு. தண்ணீர்மலைக்குப் போயிருக்கீங்களா? போங்க, பாக்கணும். மலை மேல முருகன், நிறையப் படி. நான் மடமடன்னு ஏறிட்டேன். திரும்பிப் பாத்தா இவரக் காணோம். பாதிப் படியில ஒரு ஓரமா நின்னு போனத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாரு. சரி, கடல எடுக்கறாருபோலன்னு நின்னேன். கொஞ்ச தூரம் ஏறினாரு, மறுபடியும் போட்டோ. வீட்டுக்கு வந்து அந்தப் போனப் பாத்தா எல்லாம் படிக்கட்டு. யாரோ ஒருத்தரோட கால். வெறும் கம்பி. அப்பத்தான் கேட்டேன், என்னங்க இதுன்னு. நெஞ்சுல ஏதோ இறுக்குது, நின்னா சரியாயிடுதுன்னாரு. எப்ப இருந்துன்னேன். தீபாவளிக்கு முன்னாடியே இருக்குன்னாரு.

வேற யாரா இருந்தா மறுநாளே டாக்டர்கிட்ட ஓடியிருப்பாங்க. அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. நல்லாக் கேட்டுக்கங்க, இதத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். முதல்ல பாலிசி. அப்புறம்தான் டாக்டர். டாக்டர் ஒரு தடவ எழுதிட்டார்னா எழுதினதுதான், அப்புறம் எந்தக் கம்பெனி பாலிசி வாங்கினாலும் இது முன்னாடியே இருந்த நோய்னு ஒதுக்கி வெச்சிடுவான். சின்ன க்ளினிக்ல காசு குடுத்துப் பாத்தாலும் எழுத்து எழுத்துதான். திருச்சிக்குப் போய்ப் பாத்துட்டு வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. அங்க எழுதினாலும் எழுத்துதான். முதல் டாக்டர் எழுதறது ஜாதகம் மாதிரிங்க. ஒருத்தரோட மொத்த ஆயுசும் அதுலதான் இருக்கு.

அதனால முதல்ல பாலிசி எடுத்தோம். நல்ல பாலிசி, நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன். நெஞ்சு வலி உண்டான்னு ஒரு கேள்வி, இல்லன்னேன். அப்பா அம்மாவுக்கு இருதய நோய் உண்டான்னு ஒரு கேள்வி, இல்லன்னேன். ஆனா எந்தப் பாலிசியா இருந்தாலும் வெயிட்டிங் பீரியட் உண்டு. முதல் கொஞ்ச மாசம் இருதயத்துக்குப் பாத்தாப் பணம் தர மாட்டான். அது தாண்டணும். தாண்டின பிறகு புதுசா வலி வந்த மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும். அவ்வளவுதான். இவர்கிட்ட சொன்னேன். நீ சொன்னா சரிதாம்மான்னாரு. எங்க வீட்டுல இந்த விஷயத்துல அவர் என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்ல. அவருக்கு என் வேலை மேல அவ்வளவு மரியாதை.

உங்க வீட்டுக்காரருக்கு எப்படி, ஏதாவது இருக்கா? சுகரா. சரி. நீங்க எங்கிட்ட சொல்லல, நான் கேக்கல. இனிமே யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க. மாத்திரை சாப்பிடறாரா? ஊர்லேருந்து வந்ததா? அட்டைப்பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு மாத்திரைய மட்டும் ஒரு டப்பால வெச்சுக்கங்க.

எங்க விட்டேன்? ஆமா. நடுவுல ஒரு நாள் இவருக்கு ரொம்ப முடியாமப் போச்சு. படி ஏறல, ஒண்ணும் ஏறல. சும்மா உக்காந்து சாப்ட்டுக்கிட்டிருந்தாரு, கையத் தட்டுல அப்படியே வெச்சுட்டாரு. சட்டையெல்லாம் வேர்வை. கொஞ்ச நேரத்துல சரியாயிட்டாரு, ஆனா எனக்குப் பயம் வந்துடுச்சு. பீரியட் இன்னும் முடியல. போகாம இருக்கவும் முடியாது, போனா எழுதுவாங்க. நான் யோசிச்சேன். போவோம், ஆனா சுத்தமான குறிப்பா வாங்கிட்டு வருவோம். மறுநாள் போறதுன்னு முடிவு பண்ணி, அன்னிக்குச் சாயங்காலம் அவர இதோ இங்க உக்கார வெச்சு ஒத்திகை பாத்தேன்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நான்தான் டாக்டர். கழுத்துல ஹெட்போன மாட்டிக்கிட்டேன்.

"எப்ப இருந்து வலி?"

"கொஞ்ச நாளா டாக்டர்."

"கொஞ்ச நாளாவா?"

"ஐயோ, இல்ல. நேத்துலேருந்து."

"நேத்துலேருந்துதான்னு சொல்லுங்க. தான் போட்டாத்தான் முடிஞ்ச மாதிரி இருக்கும்."

"நேத்துலேருந்துதான்."

"படி ஏறினா வருதா?"

"நாங்க இருக்கிறது லிஃப்ட் வெச்ச வீடு டாக்டர்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அப்பா எப்படி இறந்தாரு?"

அங்கதான் மாட்டினாரு. அவங்க அப்பா துறையூர்ல பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எழுந்திருக்கல. வயசு அப்ப இவர விடக் கம்மி. ஆக்சிடென்ட்னு சொல்லிடுங்கன்னேன். அதுக்கு மட்டும் ஒத்துக்கல. "எங்கப்பாவ நான் லாரில அடிச்சுக் கொல்ல மாட்டேன், வேற ஏதாவது சொல்லு"ன்னாரு. கடைசில தூக்கத்துல போயிட்டாருன்னு வெச்சுக்கிட்டோம். அத அவர் சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. தூக்கத்துல போயிட்டாரு, தூக்கத்துல போயிட்டாரு. அப்புறம் அவரே சொன்னாரு, "நல்ல சாவுதான், அவருக்கே பிடிச்சிருக்கும்"னு. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். முதுகுக்கு முதுகு உக்காந்தே எத்தனையோ மாசம் போயிருந்துச்சு. எதிர் எதிரா உக்காந்து சிரிச்சது அன்னிக்குத்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரில ஒரு சின்னப் பொண்ணு டாக்டர். யோகேஸ்வரின்னு பேரு. தமிழ்ப் பொண்ணுதான், சுங்கைப் பட்டாணிக்காரி. இவர அங்கிள்ங்குது, என்னை ஆண்ட்டிங்குது. நல்ல பொண்ணு. அவசரமே படல. வெளியில அவ்வளவு கூட்டம், இவருக்கு முன்னால நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துச்சு.

"எப்போ இருந்து வலி அங்கிள்?"

"நேத்துலேருந்துதான் டாக்டர்."

"அதுக்கு முன்னால?"

"இல்ல."

"என்ன சாப்ட்டீங்க நேத்து?"

"நாசி கண்டார். கொஞ்சம் அதிகமாத்தான் சாப்ட்டேன்."

அந்தக் கறிச்சோத்துக் கதை நான் சொல்லிக் குடுக்கல. அவராச் சேத்துக்கிட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சு.

"நடக்கும்போது, படி ஏறும்போது, இறுக்கிப் பிடிக்கிற மாதிரி எப்பவாச்சும்?"

இவர் என்னைப் பாத்தாரு. நான் சுவத்துல ஒட்டியிருந்த படத்தப் பாத்தேன், பிள்ளைங்களுக்குக் கை கழுவச் சொல்லிக் குடுக்கிற படம்.

"இல்ல டாக்டர்."

நெஞ்சுல ஒயர் வெச்சுப் பாத்தாங்க, நல்லா இருந்துச்சு. ரத்தம் எடுத்தாங்க, அதுவும் நல்லா இருந்துச்சு. எனக்கு நிம்மதியாச்சு. ஆனா அந்தப் பொண்ணு விடல. அந்த ரிப்போர்ட்ட வெச்சுக்கிட்டு மறுபடியும் வந்து உக்காந்துச்சு.

"அங்கிள், திரும்பக் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. டெஸ்ட் நல்லா இருந்தாலும் சிலருக்கு உள்ள அடைப்பு இருக்கும். படி ஏறும்போது வலி வந்திருந்தா சொல்லுங்க, இப்பவே ஹார்ட் டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். நேத்து சாப்ட்ட பிறகு மட்டும்தான்னா, இது வயித்துக் கேஸ் மாதிரிதான் இருக்கு."

"கேஸாத்தான் இருக்கும் டாக்டர்"னாரு இவர்.

அப்பாவப் பத்தியும் கேட்டுச்சு. தூக்கத்துல போயிட்டாருன்னு சொன்னாரு. பாவம், அந்தப் பொண்ணு சாரி அங்கிள்னுச்சு.

வயித்துக்கு மருந்து எழுதிக் குடுத்தாங்க. ரோஸ் கலர்ல ஒரு தண்ணி மருந்து. வெளியில வந்ததும் இவருக்கு ஒரே உற்சாகம். ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிடலாம் வான்னாரு. சாப்ட்டோம். வர்ற வழியெல்லாம், பாத்தியா, டெஸ்டெல்லாம் நல்லா இருக்கு, டாக்டரே கேஸுன்னுட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நான் என்ன சொல்றது? ஆமாங்கன்னேன். அதுக்கப்புறம் எப்ப இறுக்கினாலும் அந்த ரோஸ் மருந்துல ரெண்டு மூடி குடிப்பாரு. குடிச்சுட்டு ஏப்பம் விட்டுப் பாப்பாரு. ஏப்பம் வந்துட்டா, பாத்தியா கேஸ்தான்ம்பாரு. பாட்டில் தீந்ததும் அவரே கடையில போய் வாங்கிட்டு வந்துட்டாரு.

நான் மறக்கல. அத நீங்க நம்பணும். பீரியட் என்னிக்கு முடியுதுன்னு எனக்குத் தெரியும். முடிஞ்ச அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரில இருதய டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டேன், அடுத்த வாரத்துக்கு. அங்க என்ன சொல்லணும்னு கூட எழுதி வெச்சிருந்தேன், இப்பத்தான் புதுசா ஆரம்பிச்சிருக்குன்னு. எல்லாம் சரியாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அவரும் சொன்ன மாதிரி நல்லாத் தாங்கினாரு. அந்த மாசமெல்லாம் தாண்டிட்டாரு பாருங்க. தாண்டாமப் போயிருந்தா ஒண்ணுமே கிடைச்சிருக்காது.

அந்த நாள் வர்றதுக்குள்ளயே, புதன்கிழமை மத்தியானம். அவர் மீட்டிங்ல இருந்தாரு. நான் இங்க. எனக்குக் காதுல ஹெட்போன். எங்க ஆபீஸ்ல போட்டுக்கணும்னு ரூல், வீட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. அன்னிக்கு என் கையில இருந்த ஃபைலும் நெஞ்சு வலிதாங்க. ஏதோ ஒரு ஊர், பேர் நினைவில்ல. பெரிய குறிப்பு. அதப் படிச்சுக் கோடு போட்டு அனுப்பிட்டுத்தான் ஹெட்போனக் கழட்டினேன். நடுவுல எழுந்திருந்தா முதல்லேருந்து படிக்கணும்.

கழட்டினா அவரோட கம்ப்யூட்டர்லேருந்து குரல் வருது. அவங்க ஊர் இங்கிலீஷ்ல. "குரு, உங்க படம் அப்படியே நின்னு போச்சு. வெளிய போய்ட்டு திரும்ப உள்ள வாங்க. குரு, எங்க பேச்சு கேக்குதா?" இன்னொருத்தன் சொல்றான், அங்க நெட் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுங்கன்னு. எவ்வளவு நேரமாப் பொறுத்துக்கிட்டிருந்தாங்கன்னு தெரியல. நான் திரும்பினேன். சேர்ல நேராத்தான் உக்காந்திருந்தாரு. தலை மட்டும் ஒரு பக்கமா. உங்கள உக்கார வேண்டாம்னு சொன்னேனே, அந்தச் சேர்தான்.

உயிர் இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போனாங்க. அதே ஆஸ்பத்திரி. எமர்ஜென்சில அதே பொண்ணு, யோகேஸ்வரி. இவர் முகத்தப் பாத்ததும் அது நின்ன நிலை எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. அப்புறம் கட்டில் மேல ஏறி உக்காந்து நெஞ்ச அமுக்கிச்சு. வேற ஆள் மாத்துறேன்னு வந்தாங்க, இறங்க மாட்டேன்னுடுச்சு. அப்புறம் மேல கொண்டு போய் மெஷின்ல போட்டாங்க. பெரிய டாக்டர் வந்து என்னைக் கேட்டாரு, முன்னாடி வலி இருந்துச்சா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு.

நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? படபடப்புல எல்லாரும் உளறிடுவாங்க. நான் எத்தன ஃபைல் பாத்திருக்கேன், க்ளினிக்ல ஒண்ணு சொல்லியிருப்பாங்க, ஐசியூல பொண்டாட்டி வேற ஒண்ணு சொல்லியிருப்பா. ரெண்டு கதை வந்துட்டா முடிஞ்சது. அங்கதான் பெரிய கோடாப் போடுவோம். நான் உளறல. ஒரு தடவ வயித்து வலி வந்துச்சு, அதுக்கு இங்கதான் காட்டினோம், அவ்வளவுதான்னேன். அதனால ஒண்ணும் மாறியிருக்காதுங்க. அந்த நேரத்துக்கு மேல எதச் சொன்னாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னு அங்க இருந்த நர்ஸ் சொன்னாங்க.

சில நாள் மெஷின்ல இருந்தாரு. அப்புறம் எடுத்துட்டாங்க.

எனக்கு அழுகை வரல. ஊர்லேருந்து போன் மேல போன், எல்லாரும் அந்தப் பக்கம் ஓன்னு அழறாங்க, நான் சரி சரி, வெச்சிடறேன்னேன். கல்லு மாதிரி இருக்காளேன்னு நாத்தனார் சொன்னது எனக்கே கேட்டுச்சு. கல்லெல்லாம் இல்லங்க. பல் டாக்டர் ஊசி போட்டதும் நம்ம கன்னத்தத் தொட்டா அடுத்தவங்க கன்னத்தத் தொடற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கு. மரத்துப் போச்சு. நானும் அது தெளியும் தெளியும்னு பாக்குறேன். வேலைக்குத் திரும்பிட்டேன். இப்ப ஹெட்போன் போடாமயே அமைதியாத்தான் இருக்கு, ரூலுக்காகப் போட்டுக்கறேன்.

க்ளெய்ம் போட்டேன். நான் போட்டா எப்படி இருக்கும். இங்க இருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாத்தையும் தோண்டினாங்க. அந்தத் தொழிற்சாலையில வேலை பாத்த காலத்துப் பேப்பர், க்ளினிக் பேப்பர், பாஸ்போர்ட் முத்திரை, ஊருக்குப் போனப்ப எங்கயாவது காட்டினாரான்னு. ஒண்ணும் அகப்படல. பாலிசி எடுத்த புதுசுல ஆளு போயிட்டா சந்தேகப்படத்தான் செய்வாங்க, அது அவங்க வேலை. அந்த விசாரணை நடந்துக்கிட்டிருக்கும்போதுதான் அந்தப் பொண்ணு இங்க வந்துச்சு.

யோகேஸ்வரிதாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, கையில ஒரு பை ஆரஞ்சோட வந்து வாசல்ல நிக்குது. டாக்டர் கோட்டு இல்லாம பாத்தா காலேஜ்ல படிக்கிற பொண்ணு மாதிரி இருக்கு. நீங்க இருக்கிற இடத்துலதான் உக்காந்துச்சு. மைலோ போட்டுக் குடுத்தேன், தொடல.

"ஆண்ட்டி, நான் ஆஸ்பத்திரிக்காக வரல. என் சொந்தத்துக்கு வந்திருக்கேன். நான் எழுதின நோட்ஸ திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் எதையோ விட்டுட்டேன்."

"நீ எதையும் விடலம்மா"ன்னேன்.

"அங்கிளுக்கு முன்னால வலி இருந்துச்சா? இருந்திருந்தா பரவால்ல, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குத் தூக்கம் வரல. பேஷன்ட்டத் தொடவே பயமா இருக்கு. நான் கேட்ட கேள்வி தப்பா, கேட்ட விதம் தப்பா, அத மட்டும் தெரிஞ்சுக்கணும்."

விசாரணை அப்ப பாதியில நிக்குது. அந்தப் பொண்ணு சொல்ல மாட்டேன்னுதான் சொல்லும். நாளைக்கு அவங்க ஆஸ்பத்திரிலயே உக்கார வெச்சுக் கேட்டா என்ன பண்ணும்? டாக்டருங்க பொய் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்குப் பழக்கம் கிடையாது.

"இல்லம்மா"ன்னேன். "நேத்துலேருந்துதான்னு அவர் சொன்னது உண்மைதான்."

அது அழுதுச்சு பாருங்க. நான் பக்கத்துல போய் முதுகத் தடவிக் குடுத்தேன். நான் அழ வேண்டியதெல்லாம் சேத்து அது அழுதுச்சு. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. யாரு பெத்த பொண்ணோ.

க்ளெய்ம் பாஸாயிடுச்சு. முழுசா. ஒரு வரியக்கூட வெட்டலங்க. பாலிசி வித்த ஏஜென்ட் போன் பண்ணிச் சொன்னான், மேடம், எங்க ஆபீஸ்ல இவ்வளவு சுத்தமான கேஸ் பாத்ததில்லன்னு பேசிக்கிறாங்கன்னு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்னு திரும்பினேன். பழக்கம். அதனால நீங்க தைரியமா அந்தப் பாலிசியவே எடுக்கலாம். பேர எழுதித் தரேன். சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல? முதல்ல பாலிசி, அப்புறம்தான் டாக்டர்.

அந்த டாக்டர் பொண்ணு வேலைய விட்டுடுச்சாம். நர்ஸ் சொன்னாங்க. சுங்கைப் பட்டாணிக்கே போயிடுச்சு, சித்தப்பா கடையில கல்லாவுல உக்காருதாம். எனக்கு அதுதான் புரியவே இல்ல. க்ளெய்ம் பேப்பரோட அது எழுதின குறிப்பும் எனக்கு வந்துச்சு, நான் படிச்சேன். நான் எவ்வளவு குறிப்பு படிச்சவ. அந்த மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்குக் காட்டலாம். கேக்க வேண்டியது ஒண்ண விடாமக் கேட்டிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நேரா இல்ல, இல்ல, இல்லன்னு எழுதியிருக்கு. எங்கயும் கோடு போட இடமே இல்ல. இப்படி எழுதற பொண்ணு எதுக்கு வேலைய விடணும் சொல்லுங்க?

எப்பவாவது போன் பண்ணும். சாப்ட்டீங்களா ஆண்ட்டின்னு கேக்கும். அப்புறம் கேக்கும், "ஆண்ட்டி, ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

பணம் வந்துடுச்சே, இனிமே என்னன்னு நினைப்பீங்க. குடுத்த பிறகும் திரும்பத் தோண்டுவாங்கங்க. எங்க ஆபீஸ்ல அதுக்குன்னே தனி செக்ஷன் இருக்கு.

போன வாரம் கூடப் பண்ணிச்சு. இல்லம்மான்னேன். சரி ஆண்ட்டின்னு வெச்சிடுச்சு.